கடைசிக் கட்டத்தில் காத்திருக்கும் நீதி

ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிடுகிறான். கொன்ற பிறகுதான் பயம் பிடிக்கிறது. அந்த வீட்டில் எதை எதையெல்லாம் தொட்டோம்? கதவுக் கைப்பிடி, நாற்காலி, கண்ணாடிக் கோப்பை... கைக்குட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பிக்கிறான். துடைத்ததையே மறுபடி துடைக்கிறான். தொடாததையும் துடைக்கிறான். ஓடித் தப்பிக்க ஒரு ராத்திரி முழுக்க அவகாசம் இருந்தது. ஆனால் போலீஸ் வந்து சேரும்போதும் அவன் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

ரே பிராட்பரி எழுதிய சிறுகதை இது. ஜானி கிரெய்க் இதைப் படக்கதையாக வரைந்தார். அமெரிக்காவின் 'க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' காமிக்ஸின் 17வது இதழில் வெளிவந்தது. இதழின் விலை 10 சென்ட். மிட்டாய் வாங்கக் கொடுத்த காசில் பள்ளிப் பையன்கள் வாங்கிப் படித்த புத்தகம். இந்த மாதிரிப் புத்தகங்களுக்குப் பயந்துதான் 1954ல் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது என்றால் இன்று நம்புவது கஷ்டம். ஆனால் நடந்தது.

கெட்டவன் கடைசியில் மாட்டிக்கொள்கிற கதைகளைப் பார்த்து ஒரு நாடு ஏன் பயப்பட வேண்டும்? 'ரத்தம், கோடாரி, குழந்தைகள் கெட்டுப்போவார்கள்' என்பது வழக்கமான பதில். அதில் பாதி உண்மைதான் உண்டு. மீதிப் பாதி அந்தக் கதைகளின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

வேதியியல் வாத்தியார் ஆக வேண்டியவர்

இந்தக் கதைகளை வெளியிட்டது நியூயார்க்கின் ஈ.சி. காமிக்ஸ். ஆரம்பித்தவர் மேக்ஸ் கெயின்ஸ். அப்போது ஈ.சி. என்றால் 'எஜுகேஷனல் காமிக்ஸ்'. பைபிள் கதைகளைப் படக்கதையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்! 1947ல் மேக்ஸ் ஒரு மோட்டார் படகு விபத்தில் இறந்துபோனார். மகன் வில்லியம் கெயின்ஸுக்கு அப்போது வயது 25. வேதியியல் ஆசிரியராக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவர் தலையில், விருப்பமே இல்லாமல், இந்தக் கம்பெனி வந்து விழுந்தது.

1948ல் ஆல் ஃபெல்ட்ஸ்டீன் என்ற ஓவியர் வந்து சேர்ந்தார். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. 1950ல் திகில், அறிவியல் புனைவு, குற்றம் என்று புதிய வரிசையைத் தொடங்கினார்கள். 'எஜுகேஷனல்' என்பது அதற்கு முன்பே 'என்டர்டெய்னிங்' ஆகிவிட்டது. குற்றக் கதைகளுக்கு இரண்டு இதழ்கள். 1950ல் தொடங்கிய 'க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 27 இதழ்கள் வந்தது. 1952ல் தொடங்கிய 'ஷாக் சஸ்பென்ஸ்டோரீஸ்' 18 இதழ்கள். ஒரு இதழுக்கு நான்கு கதைகள், ஒவ்வொன்றும் ஆறு முதல் எட்டுப் பக்கம்.

வேலை செய்த விதமும் சுவாரசியமானது. கெயின்ஸுக்கு ராத்திரியில் தூக்கம் வராது. கையில் கிடைத்த கதைகளையெல்லாம் படித்து, தோன்றும் கருக்களைத் துண்டுக் காகிதங்களில் குறித்து வைப்பார். காலையில் ஃபெல்ட்ஸ்டீன் ஒவ்வொன்றையும் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வருவார். ஏதாவது ஒன்று பிடித்துவிட்டால் அன்றே உட்கார்ந்து எழுதிவிடுவார், அதுவும் நேராக ஓவியம் வரைய வேண்டிய அட்டையிலேயே. வாரத்துக்கு நான்கு கதைகள் இப்படி. எழுத்து முடிந்த பிறகுதான் அட்டை ஓவியரிடம் போகும். அதனால்தான் ஈ.சி. கதைகளில் படத்தைவிட எழுத்து அதிகமாக அடைத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு வேகத்தில் எழுதினால் திருட்டும் நடக்கும். 1952ல் பிராட்பரியின் இரண்டு கதைகளைக் கேட்காமல் எடுத்து ஒரே கதையாக்கிப் போட்டுவிட்டார்கள். பிராட்பரி சண்டைக்குப் போகவில்லை. 'என் கதைக்கான பணத்தை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது' என்கிற தோரணையில் சாதுவாக ஒரு கடிதம் எழுதினார். கெயின்ஸ் பணம் அனுப்பினார். அதற்குப் பிறகு பிராட்பரியின் கதைகள் அவர் பெயரோடு, அவர் சம்மதத்தோடு வர ஆரம்பித்தன. திருடனைக் கூட்டாளியாக்கிவிட்ட இந்தக் கடிதமே ஒரு நல்ல ட்விஸ்ட்தான்.

இரண்டு வகைத் திருப்பம்

முதலில் குறையைச் சொல்லிவிட வேண்டும். ஈ.சி.யின் குற்றக் கதைகளில் பாதிக்குப் பாதி ஒரே அச்சு. கணவன் மனைவியைக் கொல்லத் திட்டம் போடுவான், அல்லது மனைவி கணவனை. காரணம் காப்பீட்டுப் பணம், இல்லையென்றால் கள்ளக் காதல். திட்டம் கச்சிதமாக முடியும். கடைசிக் கட்டத்தில் அந்தத் திட்டமே திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். 'கெடுவான் கேடு நினைப்பான்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பத்துக் கதை படித்தவர் பதினோராவது கதையின் முடிவை மூன்றாம் பக்கத்திலேயே ஊகித்துவிடுவார். பெண்களைக் காட்டிய விதமும் சகிக்காது. ஒன்று நச்சரிக்கும் மனைவி, இல்லையென்றால் ஏமாற்றும் மனைவி. வேறு மாதிரிப் பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த வகைக் கதையில் இன்னொரு கோளாறும் உண்டு. குற்றவாளி தன் வலையில் தானே விழுவது படிக்க இனிக்கிறது. ஆனால் அது ஒரு பொய்யான ஆறுதல். உலகத்தில் தப்பு செய்தவனெல்லாம் தானாக மாட்டிக்கொள்வதில்லை. விதி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும் கதை, யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றும் சேர்த்தே சொல்கிறது.

இதோடு நின்றிருந்தால் ஈ.சி.யை மறந்துவிடலாம். ஆனால் 'ஷாக் சஸ்பென்ஸ்டோரீஸ்' இதழில் இன்னொரு வகைத் திருப்பம் வந்தது. அங்கே கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொள்வது குற்றவாளி மட்டும் அல்ல, வாசகரும்தான்.

இரண்டாவது இதழில் வந்த கதை 'தி பேட்ரியட்ஸ்'. வரைந்தவர் ஜாக் டேவிஸ். வருடம் 1952, கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தெருவில் ராணுவ அணிவகுப்பு போகிறது. கொடி வரும்போது எல்லோரும் தொப்பியைக் கழற்றுகிறார்கள். ஒருவன் மட்டும் கழற்றவில்லை. கூட்டம் முணுமுணுக்கிறது. 'கம்யூனிஸ்ட்' என்று யாரோ கத்துகிறார்கள். கை நீள்கிறது, கால் நீள்கிறது, ஆள் செத்துப்போகிறான். அப்போதுதான் அவன் மனைவி ஓடி வருகிறாள். அவன் போரில் பார்வையை இழந்த சிப்பாய். கொடி போனதே அவனுக்குத் தெரியாது.

இதில் விதி யாரையும் தண்டிக்கவில்லை. கொன்ற கூட்டத்துக்கு என்ன ஆனது என்று கதை சொல்வதில்லை. படித்தவருக்குத்தான் சங்கடம். 'இவன் ஏன் தொப்பியைக் கழற்றவில்லை?' என்று இரண்டு பக்கம் முன்பு அவருக்கும் ஒரு கணம் எரிச்சல் வந்திருக்கும். கூட்டத்தோடு அவரும் கொஞ்ச நேரம் நின்றிருந்தார். கதை அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

1954ல் 14வது இதழில் வாலி வுட் வரைந்த 'தி விப்பிங்' இன்னும் கடுமையானது. தன் மகள் பக்கத்து வீட்டு மெக்சிகன் பையனைக் காதலிப்பது ஒரு அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஊர் ஆட்களைத் தூண்டிவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, இருட்டில் அந்த வீட்டுக்குள் புகுந்து படுத்திருந்த உருவத்தை இழுத்து வந்து அடித்தே கொல்கிறார்கள். மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தால் அது அவர் மகள். அவர்கள் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையைப் படிக்கிற தமிழ் வாசகருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. பெண் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காகப் பெற்றவர்களே கூலிக்கு ஆள் வைத்த செய்திகள் இங்கேயும் வந்திருக்கின்றன. ஒரே வித்தியாசம், இங்கே இருட்டில் ஆள் மாறிப்போவதில்லை. தெரிந்தேதான் செய்கிறார்கள்.

இந்த வகையின் உச்சம் 1955ல் 'இம்பாக்ட்' முதல் இதழில் வந்த 'மாஸ்டர் ரேஸ்'. ஆறு பக்கத்துக்கு எழுதப்பட்ட கதை. ஓவியர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் போராடி எட்டுப் பக்கம் வாங்கி, கட்டங்களை வெட்டிச் சின்னச் சின்னதாக்கி வரைந்தார். நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவர் பயந்து பயந்து உட்கார்ந்திருக்கிறார். நாஜி வதைமுகாமின் நினைவுகள் அவரைத் துரத்துகின்றன. பாவம், முகாமிலிருந்து தப்பியவர் போலிருக்கிறது என்று வாசகர் இரக்கப்பட ஆரம்பிக்கிறார். பிறகுதான் தெரிகிறது, அவர் கைதி இல்லை, அந்த முகாமின் தளபதி. நாஜி முகாம்களைப் பற்றி வெகுஜனக் கலை அதிகம் பேசாத காலத்தில், பத்து சென்ட் காமிக்ஸில் இது வந்தது.

கோடாரியும் தலையும்

இப்போது எதிர்த்தரப்புக்கு வருவோம். டாக்டர் ஃப்ரெடரிக் வெர்தம் ஒரு மனநல மருத்துவர். 'சிறுவர்களைக் குற்றத்தில் தள்ளுவது காமிக்ஸ்' என்று பல வருடம் பேசியும் எழுதியும் வந்தவர். 1954ல் 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னொசென்ட்' என்ற அவர் புத்தகம் வெளியாகிப் பெற்றோர்களை உலுக்கியது.

காமிக்ஸ் ரசிகர்கள் அவரைப் பக்கா வில்லனாகவே வரைவார்கள். அது நியாயம் இல்லை. கறுப்பின மக்களுக்கு மனநல மருத்துவம் எட்டாக்கனியாக இருந்த காலத்தில், 1946ல், ஹார்லெமில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் 'லஃபார்க் கிளினிக்' தொடங்கியவர் அவர். கட்டணம் 25 சென்ட். பள்ளிகளில் இனப் பிரிவினை குழந்தைகளின் மனதைக் கெடுக்கிறது என்று டெலவேர் வழக்கில் சாட்சி சொன்னார். அந்த வழக்கும் சேர்ந்ததுதான் 1954ல் பிரிவினையைச் சட்டவிரோதம் என்று அறிவித்த 'பிரவுன்' தீர்ப்பு.

ஆனால் காமிக்ஸ் விஷயத்தில் அவர் ஆராய்ச்சி நேர்மையானதாக இல்லை. கேரல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தமின் குறிப்புகளையெல்லாம் எடுத்துப் பார்த்து 2012ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறுவர்கள் சொன்னதை மாற்றியதும், தன் வாதத்துக்கு ஏற்றபடி வளைத்ததும் அதில் அம்பலமானது.

1954 ஏப்ரல் 21, நியூயார்க். செனட் துணைக்குழு விசாரணை. காமிக்ஸ் தொழிலோடு ஒப்பிட்டால் ஹிட்லர் கற்றுக்குட்டி என்கிற அளவுக்குப் போய்விட்டார் வெர்தம். அதோடு, 'தி விப்பிங்' கதையில் மெக்சிகோக்காரர்களை இழிவாகச் சொல்லும் வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது, இது இனவெறியைப் பரப்புகிறது என்றும் சொன்னார். கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டுப் படித்தால் அப்படித்தான் தெரியும்!

கெயின்ஸ் தானாகவே கேட்டுக்கொண்டு சாட்சி சொல்ல வந்தார். அந்தக் கதை இனவெறிக்கு எதிரானது என்று சரியாகவே எடுத்துச் சொன்னார். ஆனால் அது யார் மனதிலும் நிற்கவில்லை. நின்றது வேறு. செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர் 'க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22வது இதழின் அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் ரத்தக் கோடாரி, மறு கையில் வெட்டிய பெண்ணின் தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் காமிக்ஸின் அட்டை என்ற வகையில் ஆமாம் என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் ரசனைக் கேடு என்றும் விளக்கினார். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? விஷயம் அன்றே முடிந்துபோனது.

கெயின்ஸ் மீதும் தப்பு இருக்கிறது. பத்து வயதுப் பையன் கைக்குப் போகும் புத்தகத்துக்கு அந்த அட்டை தேவையில்லை. உள்ளே இருந்த நல்ல கதைகளை விற்க வெளியே கோடாரியை மாட்டினார். கடைசியில் அந்தக் கோடாரி அவர் கடையின் மீதே விழுந்தது.

யார் தண்டிக்கலாம்?

செனட் எந்தச் சட்டமும் போடவில்லை. அதற்கு முன்பே பதிப்பாளர்கள் பயந்துபோய் தாங்களே சங்கம் அமைத்து 1954 இலையுதிர்காலத்தில் 'காமிக்ஸ் கோட்' என்ற விதிகளைக் கொண்டுவந்தார்கள். முத்திரை இல்லாத புத்தகத்தை விற்க விநியோகஸ்தர்கள் தயாராக இல்லை.

அந்த விதிகளைப் படித்தால் ஒன்று புரியும். ரத்தம், பிணம் ஆகியவற்றுக்குத் தடை, சரி. ஒவ்வொரு கதையிலும் நன்மை ஜெயிக்க வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்பதும் விதி. ஈ.சி.யில் பெரும்பாலும் அதுதான் நடந்தது! பிறகு எங்கே பிரச்சினை? போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி, மதிப்புக்குரிய அமைப்புகள் மீது அவமரியாதை தோன்றும்படி எதையும் காட்டக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. அங்கேதான் முள் குத்தியது. ஈ.சி.யில் தண்டனை உண்டு, ஆனால் அது சட்டத்தின் கையிலிருந்து வருவதில்லை. தற்செயலால் வரும், குற்றவாளியின் சொந்த பயத்தால் வரும். சில சமயம் வரவே வராது.

'தி விப்பிங்' வந்த அதே இதழில் ஜாக் கேமன் வரைந்த 'தி ஆர்ஃபன்' இருக்கிறது. குடிகார அப்பா சுடப்பட்டு இறக்கிறார். அம்மாவும் அவள் காதலனும் மின்சார நாற்காலிக்குப் போகிறார்கள். சட்டம் தன் கடமையைக் கச்சிதமாகச் செய்துவிட்டது. கடைசியில், அன்பான அத்தை வீட்டில் சுகமாக இருக்கும் சின்னப் பெண் வாசகரைப் பார்த்துச் சொல்கிறாள்: சுட்டது அவள்தான்.

கொடூரமான கதைதான். ஆனால் அது கேட்கும் கேள்வி லேசானது அல்ல. நீதிமன்றம் உயிரை எடுத்த பிறகு உண்மை வேறு என்று தெரிந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்பதுதான் விதியின் உண்மையான அர்த்தம். குழந்தைகளை ரத்தத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று தொடங்கிய வேலை, சந்தேகத்திலிருந்தும் அவர்களைக் காப்பாற்றிவிட்டது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. குற்ற, திகில் இதழ்களை நிறுத்திய பிறகு கெயின்ஸ் கொஞ்ச காலம் விதிகளுக்கு உட்பட்டு வெளியிட்டுப் பார்த்தார். 1956 தொடக்கத்தில் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற பழைய அறிவியல் கதையை மறுபடி போட விரும்பினார். ஆரஞ்சு ரோபோக்கள் நீல ரோபோக்களைத் தாழ்த்தி வைத்திருக்கும் ஒரு கிரகம். அதைப் பரிசோதிக்கப் பூமியிலிருந்து ஒரு விண்வெளி வீரர் வருகிறார். நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பர். அவ்வளவுதான் கதை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, கொலை இல்லை. தணிக்கைப் பொறுப்பில் இருந்த நீதிபதி சார்லஸ் மர்ஃபி, அந்த வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். அவர் கறுப்பர் என்பதுதான் கதையே! கெயின்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் விட்டுக்கொடுக்காமல் அப்படியே அச்சிட்டார்கள். ஈ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அது.

நிஜத்தின் ட்விஸ்ட்

இந்த வரலாற்றையே ஃபெல்ட்ஸ்டீனிடம் கொடுத்திருந்தால் எட்டுப் பக்கத்தில் முடித்திருப்பார். இனவெறியை எதிர்த்த ஒரு மருத்துவர். இனவெறியை எதிர்த்துக் கதை போட்ட ஒரு பதிப்பாளர். முதல்வர் இரண்டாமவரை ஒழிக்கக் காரணமாகிறார். அவரால் பிறந்த தணிக்கை முதல் வேலைகளில் ஒன்றாக ஒரு கறுப்பு முகத்தை அழிக்கப் பார்க்கிறது. ஒழிந்ததாக நினைத்த பதிப்பாளரோ கையில் மிஞ்சிய ஒரே இதழான 'மேட்'ஐ 1955லேயே பத்திரிகையாக மாற்றிவிட்டார். பத்திரிகைக்கு காமிக்ஸ் விதி கிடையாது. அது பல பத்தாண்டுகள் அமெரிக்க அதிகாரங்களைக் கிண்டலடித்தே ஓடியது. காமிக்ஸ் கோட் 2011ல் கடைசிப் பதிப்பாளர்களும் விலகிக்கொள்ள, ஆள் இல்லாமல் செத்துப்போனது. 2024ல் ஈ.சி. பெயரில் புதிய இதழ்கள் வர ஆரம்பித்துவிட்டன.

ஆனால் இதை நீதி என்று சொல்லிவிட முடியாது. 1954ல் வேலை போன ஓவியர்களுக்கு 2011ல் கிடைத்த வெற்றியால் என்ன பயன்? முதல் வகைத் திருப்பம் இங்கேதான் தோற்கிறது. காலம் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்பது கதைக்கு அழகு, வாழ்க்கைக்குப் போதாது.

இரண்டாம் வகைத் திருப்பம் தோற்பதில்லை. தொப்பியைக் கழற்றாத ஒருவனைப் பார்த்துக் கோபம் வரும்போது, 'ஒருவேளை இவனுக்குப் பார்வை இல்லையோ?' என்று ஒரு நொடி நிறுத்தி யோசிக்கச் சொல்கிறது. கூட்டம் கையை ஓங்குவதற்கு முன்னால் அந்த ஒரு நொடி கிடைத்தால் ஒரு உயிர் மிஞ்சும். பத்து சென்ட் புத்தகம் ஒன்று பத்து வயதுப் பையனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. அட்டையில் இருந்த கோடாரியைப் பார்த்தவர்கள், உள்ளே இருந்த இந்தப் பாடத்தைப் பார்க்காமலே புத்தகத்தை மூடிவிட்டார்கள்.